பத்துக் கணக்கு போடும் பிள்ளை பதினோராவது கணக்கில் ஏன் நின்றுவிடுகிறது?

கடலூர் பக்கத்தில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கும் அறிவியலும் எடுக்கும் ஒரு ஆசிரியர் இங்கே கேட்டிருக்கிறார்: "புத்தகத்தில் இருக்கும் கணக்கை என் மாணவர்கள் போட்டுவிடுகிறார்கள். எண்ணை மாற்றிக் கொடுத்தாலும் போடுகிறார்கள். கதையை மாற்றினால் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். சிக்கல் தீர்க்கும் திறன் என்று வாரம் ஒரு பீரியடு தனியாக எடுக்கச் சொல்கிறார் எங்கள் எச்.எம். அப்படித் தனியாகச் சொல்லிக்கொடுக்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?" இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கணக்கு போடத் தெரிந்த பிள்ளை புதுக் கணக்கைப் பார்த்ததும் ஏன் நிற்கிறது என்பது ஒன்று. அந்தத் தடையை எடுப்பதற்குத் தனிப் பயிற்சி என்று ஏதாவது உண்டா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு நம்பிச் சொல்லக்கூடிய பதில் இருக்கிறது. இரண்டாவதற்குப் பாதி பதில்தான் இருக்கிறது. நெல்லிக்குப்பம், கடலூர் முதுநகர்ப் பக்கத்துப் பள்ளிகளில் பல வருடங்கள் எட்டு முதல் பத்து வகுப்பு வரை எடுத்துவிட்டு, பிறகு புதுச்சேரியில் ஆசிரியர் பயிற்சியில் வேலை பார்த்தவள் நான். சொல்வதெல்லாம் அந்த வயதுப் பிள்ளைகளை, அதிலும் தமிழ்வழிப் பிள்ளைகளை மனதில் வைத்துத்தான். ஆரம்பப் பள்ளிக்கோ நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்கோ இதை அப்படியே எடுத்துப்போக வேண்டாம்.

முதலில் ஒரு கணக்கைப் பாருங்கள். "பண்ருட்டியில் முந்திரிப் பருப்பு விலை இந்த வாரம் கிலோ 840 ரூபாய். இது போன வார விலையைவிட 40 ரூபாய் அதிகம். போன வாரம் விலை என்ன?" உங்கள் வகுப்பில் கொடுத்துப் பார்த்தால் 880 என்று கணிசமான கைகள் எழும். கழித்து 800 என்று சொல்லியிருக்க வேண்டும். கூட்டலில் தவறு இல்லை. "அதிகம்" என்று வந்தால் கூட்டு, "மீதி" என்று வந்தால் கழி, "மொத்தம்" என்று வந்தால் பெருக்கு அல்லது கூட்டு என்று மூன்றாம் வகுப்பிலிருந்து நாமே சொல்லிக்கொடுத்திருக்கிறோம். பிள்ளை கேள்வியைப் படிப்பதில்லை, அதற்குள் ஒரு சொல்லைத் தேடுகிறது. அந்தக் குறுக்குவழி ஐந்தாம் வகுப்புவரை மார்க் வாங்கிக் கொடுப்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ஒன்பதாம் வகுப்பில் அது உடைகிறது. இது நம் ஊர்ப் பிள்ளைகளின் குறை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 1980களின் தொடக்கத்தில் நடந்த தேசியக் கற்றல் மதிப்பீட்டில் 13 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு கொடுத்தார்கள். 1128 சிப்பாய்களை ஏற்றிச்செல்ல வேண்டும், ஒரு பேருந்தில் 36 பேர் ஏறலாம், எத்தனை பேருந்து தேவை? சுமார் 70 சதவீதம் பேர் வகுத்தலைச் சரியாகச் செய்துவிட்டார்கள். 32 பேருந்து என்று எழுதியவர்கள் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. "31, மீதி 12" என்று எழுதியவர்கள் அவர்களைவிட அதிகம். மீதி 12 பேர் ரோட்டிலேயே நிற்பார்களே என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. கணக்கு என்பது வேறு உலகம், அங்கே மனிதர்களும் பேருந்தும் கிடையாது என்று பள்ளி அவர்களுக்குப் பழக்கியிருக்கிறது.

இரண்டாவது தடை இன்னும் ஆழமானது. நம் பிள்ளைகள் கணக்குகளுக்கு வைத்திருக்கும் பெயர்களைக் கவனித்திருக்கிறீர்களா? வயது கணக்கு, குழாய் கணக்கு, ரயில் கணக்கு, படகு கணக்கு. கைடுகளிலும் இப்படித்தான் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். எல்லாமே கதையில் வரும் பொருளின் பெயர்கள். இப்போது இந்த இரண்டையும் பாருங்கள். ஒரு தொட்டியை ஒரு குழாய் 60 நிமிடத்தில் நிரப்பும், இன்னொரு குழாய் 120 நிமிடத்தில் நிரப்பும். இரண்டையும் திறந்தால் எவ்வளவு நேரம்? அடுத்தது: கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்து 60 நிமிடத்தில் போகும், புதுச்சேரியிலிருந்து ஒருவர் சைக்கிளில் அதே வழியில் கடலூருக்கு 120 நிமிடத்தில் வருவார், இருவரும் ஒரே நேரத்தில் கிளம்பினால் எப்போது சந்திப்பார்கள்? முதல் கணக்கைச் சரளமாகப் போடும் பிள்ளை இரண்டாவதில், "டீச்சர், தூரம் கொடுக்கலையே" என்று எழுந்து நிற்கும். தூரம் தேவையில்லை. தொட்டி முழுவதும் ஒன்று என்று எடுத்ததைப் போலவே வழி முழுவதையும் ஒன்று என்று எடுத்தால், நிமிடத்துக்கு அறுபதில் ஒரு பங்கும் நூற்று இருபதில் ஒரு பங்கும் சேர்ந்து நாற்பதில் ஒரு பங்கு ஆகிறது. இரண்டுக்கும் விடை 40 நிமிடம். உள்ளே இருப்பது ஒரே கணக்குதான், ஆனால் பிள்ளையின் மனதில் ஒன்று குழாய் அறையில் இருக்கிறது, மற்றது வண்டி அறையில்.

இதை உறுதியான விஷயம் என்று சொல்கிறேன், ஏனென்றால் இயற்பியலில் இதை நேரடியாகச் சோதித்திருக்கிறார்கள். மிஷலின் சீ என்பவரும் அவருடைய சகாக்களும் 1981-இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாகப் படிக்கும் மாணவர்களிடமும் துறையில் ஊறியவர்களிடமும் இயற்பியல் கணக்குகளைக் கொடுத்து, போட வேண்டாம், இனம் பிரித்தால் போதும் என்றார்கள். மாணவர்கள் சாய்தளக் கணக்குகளை ஒரு பக்கம், சுருள்வில் கணக்குகளை இன்னொரு பக்கம் என்று அடுக்கினார்கள். தேர்ந்தவர்கள் ஆற்றல் அழிவின்மையால் (ஆற்றல் அழிவதில்லை, வடிவம்தான் மாறுகிறது என்ற விதியால்) தீரும் கணக்குகளை ஒன்றாக வைத்தார்கள், அதில் சாய்தளமும் இருந்தது, சுருள்வில்லும் இருந்தது. புதுக் கணக்கைப் பார்த்ததும் வழி தோன்றுகிறவனுக்கும் தோன்றாதவனுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. அதனால் நான் வகுப்பில் முதலில் செய்யச் சொல்வது இந்த இனம் பிரிக்கும் வேலையைத்தான். வெவ்வேறு பாடங்களிலிருந்து எட்டுக் கணக்குகளைத் துண்டுச் சீட்டில் எழுதி, நான்கு பேர் கொண்ட குழுவுக்கு ஒரு கட்டு கொடுங்கள். பேனாவைத் தொடக் கூடாது. எதையெதை ஒன்றாக வைக்கிறீர்கள், ஏன் என்று மட்டும் சொல்ல வேண்டும். முதல் தடவை எல்லாரும் "இது வண்டி, இது தொட்டி" என்றுதான் பிரிப்பார்கள். திட்டாதீர்கள். அந்தப் பிரிப்பை ஒரு தாளில் எழுதிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். பிறகு குழாயையும் பேருந்தையும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இந்த இரண்டுக்கும் என்ன உறவு என்று கேளுங்கள்.

கேட்ட பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும், அது கஷ்டம். மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வியாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை வைத்து அளந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று விநாடி ஆக்கியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, "தெரியாது" என்பது குறைந்தது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று விநாடி கேட்க அற்பமாக இருக்கும். வகுப்பில் நின்று பாருங்கள், அது எவ்வளவு நீளம் என்று தெரியும். முதல் பெஞ்சுப் பெண் பதில் சொல்லத் துடிப்பாள், அவளையும் பொறுத்திருக்கச் சொல்ல வேண்டும்.

சரி, அடுத்து எடுத்துக்காட்டுக் கணக்கு. "சொல்லிக் கொடுத்துவிட்டால் யோசிக்க மாட்டார்கள், தானாகக் கண்டுபிடிக்கட்டும்" என்று இப்போது பல பயிற்சிகளில் சொல்கிறார்கள். புதிதாக ஒன்றைக் கற்கும் பிள்ளைக்கு இது பொருந்தாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆஸ்திரேலியாவில் ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985-இல் இயற்கணிதம் படிக்கும் மாணவர்களிடம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எல்லாக் கணக்குகளையும் தாங்களே போட்டுப் பார்த்தவர்களைவிட, தீர்த்துக் காட்டிய ஒரு கணக்கைப் படித்துவிட்டு அதைப் போன்ற ஒன்றைப் போட்டவர்கள் குறைந்த நேரத்தில், குறைந்த தவறுகளோடு கற்றார்கள். காரணம் எளிது. மனதில் ஒரே நேரத்தில் பிடித்துவைக்கக்கூடியது கொஞ்சம்தான். வழி தெரியாமல் தடவும்போது அந்தக் கொஞ்சமும் தடவுவதிலேயே செலவாகிவிடும், கற்றுக்கொள்ள இடம் மிஞ்சாது. ஆனால் போர்டில் கணக்கைப் போட்டுக் காட்டுவதும் இதுவும் ஒன்றல்ல. நாம் போர்டில் எழுதும்போது முடிந்துபோன வழியைத்தான் எழுதுகிறோம். ஏன் முதலில் x-ஐ அங்கே வைத்தோம், வேறு எங்கே வைத்திருக்கலாம், அது ஏன் சரிப்படாது என்பதெல்லாம் நம் தலைக்குள்ளேயே நின்றுவிடுகிறது. அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பேருந்துக் கணக்கென்றால் இப்படி: "தூரத்தை x என்று வைக்கலாமா? வைத்தால் சமன்பாட்டில் அது இரண்டு பக்கமும் வந்து அடிபட்டுப் போகிறது பாருங்கள். அப்படியென்றால் அது தேவையே இல்லை." இந்த மூன்று வாக்கியம்தான் பிள்ளைக்குக் கிடைக்காத பகுதி.

அதற்கப்புறம் ஆதரவைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். நான் செய்வது இப்படி: முதல் கணக்கு முழுவதும் தீர்த்துத் தருவேன், பிள்ளைகள் ஒவ்வொரு அடிக்குப் பக்கத்திலும் "இது ஏன்" என்று தங்கள் வார்த்தையில் எழுத வேண்டும். இரண்டாவது கணக்கில் கடைசி அடியை மட்டும் அழித்துத் தருவேன். மூன்றாவதில் கடைசி இரண்டு அடி. இப்படிக் கீழிருந்து மேலே அழித்துக்கொண்டு வந்தால் கடைசியில் வெறும் கேள்வி மட்டும் நிற்கும், அதை அவர்கள் பயமில்லாமல் தொடங்குவார்கள். நன்றாகக் கற்றுவிட்ட பிள்ளைக்கு இதே முறை கெடுதல் செய்யும் என்பதையும் சொல்லியாக வேண்டும். தெரிந்ததையே அடி அடியாகப் படிக்க வைத்தால் அவனுக்குச் சலிப்பு, கற்றலும் குறைகிறது. ஆய்வுகளும் இதைக் காட்டியிருக்கின்றன. ஆகவே வகுப்பு முழுவதற்கும் ஒரே தாள் என்பது இங்கே வேலைக்கு ஆகாது.

"போர்ஷன் முடிக்க வேண்டாமா" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நேரமே செலவில்லாத மாற்றம் ஒன்று இருக்கிறது, அது வீட்டுப்பாடம். இன்று எடுத்த பயிற்சியிலிருந்தே பத்துக் கணக்கும் கொடுத்தால், எந்த முறையில் போடுவது என்று பிள்ளை யோசிக்க வேண்டியதில்லை. பயிற்சியின் தலைப்பே விடையைச் சொல்லிவிடுகிறது. அதற்குப் பதில் இன்றையதில் நான்கு, போன மாதப் பாடங்களிலிருந்து மூன்று என்று கலந்து கொடுங்கள், வரிசையையும் கலைத்துவிடுங்கள். ஃபுளோரிடாவில் டக் ரோரர் குழு ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் சில வாரங்கள் இதைச் செய்து 2014-இல் வெளியிட்டது. கணக்குகளின் எண்ணிக்கை ஒன்றுதான், வரிசை மட்டும் வேறு. இரண்டு வாரம் கழித்து முன்னறிவிப்பில்லாமல் வைத்த தேர்வில், கலந்து பயின்ற பகுதிகளில் சராசரி 72 சதவீதம், பாடவாரியாகப் பயின்ற பகுதிகளில் 38 சதவீதம். ஒன்று மட்டும் எச்சரிக்கிறேன். கலந்து கொடுக்கும்போது முதல் சில வாரங்கள் வீட்டுப்பாடத்தில் தவறுகள் கூடும், பெற்றோர் வந்து கேட்பார்கள், உங்களுக்கே மனம் தளரும். விட்டுவிடாதீர்கள். பலன் வீட்டுப்பாட நோட்டில் தெரியாது, காலாண்டில்தான் தெரியும்.

இதுவரை சொன்னதெல்லாம் கணக்கு. அறிவியலில் நம் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே சிக்கல் என்று எதையுமே கொடுப்பதில்லை. சூத்திரம், மதிப்பு, பிரதியிடு, அலகு எழுது, இவ்வளவுதான். ஒன்பதாம் வகுப்பு வெப்பப் பாடத்தில் தன்வெப்ப ஏற்புத்திறனும் (ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம்) உள்ளுறை வெப்பமும் (வெப்பநிலை மாறாமல் உருகத் தேவையான வெப்பம்) வருகின்றன. முதுநகர்ப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளில் பலர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். அவர்களிடம் நான் கேட்டது இது: துறைமுகத்தில் இறங்கிய பத்துக் கிலோ மீனை 30 டிகிரியிலிருந்து பூஜ்ஜிய டிகிரிக்குக் கொண்டுவர எவ்வளவு ஐஸ் வேண்டும்? எந்த மதிப்பும் தரவில்லை. என்னென்ன தெரிய வேண்டும் என்று அவர்களே பட்டியல் போட வேண்டும். அரைமணி நேரத்தில் பட்டியல் வந்துவிட்டது. மீனின் தன்வெப்ப ஏற்புத்திறன் கிலோவுக்கு டிகிரிக்குச் சுமார் 3.6 கிலோஜூல் (மீனில் பெரும்பகுதி தண்ணீர், அதனால் தண்ணீரின் 4.2-க்குக் கொஞ்சம் கீழே). ஐஸ் உருக, கிலோவுக்கு 334 கிலோஜூல். பத்துக் கிலோ மீன் விட வேண்டிய வெப்பம் 1080 கிலோஜூல், அதை 334 ஆல் வகுத்தால் 3.2 கிலோ ஐஸ்.

வழக்கமான வகுப்பு இங்கே முடிந்திருக்கும். ஆனால் கடைசி வரிசையில் ஒரு பையன், "தப்பு டீச்சர், எங்கப்பா ஒண்ணுக்கு ஒண்ணு போடுவார்" என்றான். சூத்திரம் 3.2 கிலோ என்கிறது, அவன் அப்பா பத்துக் கிலோ என்கிறார். அறிவியல் பாடம் உண்மையில் தொடங்குவது இந்த இடத்தில்தான். அவன் அப்பா ஐஸை வீணாக்குகிறாரா, அல்லது நம் கணக்கு எதையோ விட்டுவிட்டதா? பிள்ளைகள் அடுக்கினார்கள்: பெட்டி வெயிலில் நிற்கும், மூடி சரியாக மூடாது, ஏலம் முடிந்து வண்டி கிளம்ப நேரமாகும், பெட்டியை மறுபடி மறுபடி திறந்து பார்ப்பார்கள், ஐஸ் பெரிய கட்டியாக இருந்தால் மீனை முழுவதும் தொடாது. எல்லாமே சரி. நம் கணக்கில் வெளியிலிருந்து உள்ளே வரும் வெப்பம் பூஜ்ஜியம். மீதி 6.8 கிலோ ஐஸ் சுமார் 2270 கிலோஜூல் வெப்பத்தைத் தாங்கும், அந்தச் சேமிப்பில்தான் மீன் மறுநாள் வரை கெடாமல் இருக்கிறது. வெப்பமான ஊர்களில் மீனுக்குச் சமமாக ஐஸ் என்பது மீன்வளத் துறையினரும் பரிந்துரைக்கும் அளவுதான். அந்தப் பையன் அதுவரை அறிவியல் வகுப்பில் வாய் திறந்ததில்லை. அவன் வீட்டு அனுபவம் சூத்திரத்தைத் திருத்த ஒரு ஆதாரமாக வந்தபோது பேசினான். தோராயம், விட்டுவிட்ட காரணி, விடை நியாயமா என்ற சோதனை என்று நாம் பயிற்சிகளில் பேசும் எல்லாமே ஒரே கணக்கில் அவர்கள் கைக்கு வந்துவிட்டது.

இன்னொன்றும் இந்த மண்ணிலேயே கிடைக்கிறது. காரி நாயனார் எழுதிய கணக்கதிகாரம் என்ற பழைய தமிழ்க் கணித நூலில், பலாப்பழத்தை அறுக்காமலே சுளையை எண்ண ஒரு விதி உண்டு: காம்பருகே இருக்கும் சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகு. நூறு முள் என்றால் 120 சுளை. பலா சீசனில் பண்ருட்டிப் பழம் ஒன்றை வகுப்பில் வைத்து இந்த விதியைச் சோதிக்கச் சொல்லுங்கள். பழத்தை வெட்டுவதற்கு முன்பே சண்டை வந்துவிடும். காம்பருகே என்றால் எத்தனை விரல் தூரம்? எதுவரை சிறு முள்? ஒரே பழத்துக்கு ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு எண் சொல்லும். அப்போது எதை எண்ணுகிறோம் என்பதை வகுப்பு உட்கார்ந்து வரையறுக்க வேண்டியிருக்கும். அப்புறம் வெட்டி எண்ணியபின், ஒரு பழத்தில் பொருந்தினால் விதி சரியா, பொருந்தாவிட்டால் தவறா, எத்தனை பழம் பார்த்தபின் சொல்லலாம் என்ற விவாதம். முன்னோர் சொன்னது என்பதற்காக ஏற்கவும் வேண்டாம், பழையது என்பதற்காகத் தள்ளவும் வேண்டாம், எண்ணிப் பார்க்கலாம் என்ற பழக்கம் வந்தால் போதும். சுளையைச் சாப்பிடக் கிடைக்கும் என்பதால் அன்றைக்கு வருகைப் பதிவும் நன்றாக இருக்கும்.

இனி எச்.எம். சொன்ன தனிப் பீரியடு. இங்கேதான் நான் உறுதியாகப் பேச முடியாத பகுதி வருகிறது. சிக்கல் தீர்த்தல் என்றதும் எல்லாரும் ஜார்ஜ் போல்யாவின் நான்கு படிகளைச் சொல்வார்கள். 1945-இல் அவர் எழுதியது: கேள்வியைப் புரிந்துகொள், திட்டமிடு, செய், திரும்பிப் பார். ஒவ்வொன்றும் உண்மை. ஆனால் அதைப் போர்டில் எழுதி மனப்பாடம் செய்ய வைத்தால் "படி 1: புரிந்துகொள்ளுதல்" என்று நோட்டில் அழகாக எழுதிவிட்டு அடுத்த வரியில் 880 என்று எழுதுவார்கள். திட்டமிடு என்றால் எதைத் திட்டமிடுவது என்று பாடம் தெரிந்தவனுக்குத்தான் புரியும். வட்டத்தின் தொடுகோட்டைப் பற்றி ஒன்றும் தெரியாத பிள்ளைக்கு எந்தப் பொதுவான உத்தியும் வழி காட்டாது. போல்யா அந்தப் படிகளைக் கேள்விகளாகத்தான் எழுதினார். ஆசிரியர் கேட்டுக் கேட்டு, பிறகு பிள்ளை தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் அவை. ஆலன் ஷோன்ஃபெல்ட் கல்லூரி மாணவர்களைப் பதிவு செய்து பார்த்தபோது, பலர் முதலில் தோன்றிய வழியில் இறங்கி, அது எங்கும் போகவில்லை என்று தெரிந்த பின்னும் நேரம் முடியும்வரை அதிலேயே கணக்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். அதனால் அவர் வகுப்பில் நடந்துகொண்டே மூன்று கேள்விகள் கேட்பார்: இப்போது என்ன செய்கிறாய், ஏன் செய்கிறாய், அது உனக்கு எப்படி உதவும்? நான் பயிற்சி ஆசிரியர்களுக்கு நான்கு படிகளைவிட இந்த மூன்று கேள்விகளைத்தான் கொடுத்தேன். எந்தப் பாடத்திலும் கேட்கலாம், தனி பீரியடு வேண்டாம்.

புதிர்கள், சுடோகு, தீக்குச்சி விளையாட்டு இவற்றால் கணக்கில் யோசிக்கும் திறன் வளருமா என்றால், புதிரில் திறமை வளரும் என்று சொல்லலாம். அது கணக்குக்குப் பெயர்ந்து வரும் என்பது சந்தேகத்துக்குரியது. மேரி கிக், கீத் ஹோலியோக் 1980-இல் செய்த சோதனை எனக்கு எப்போதும் நினைவில் நிற்கும். ஒரு கட்டியைக் கதிர்வீச்சால் அழிக்க வேண்டும், ஆனால் பலமான கதிர் வழியில் உள்ள நல்ல திசுவையும் அழித்துவிடும், என்ன செய்வது என்பது கேள்வி. பல திசைகளிலிருந்து மெல்லிய கதிர்களைக் கட்டியில் குவிக்கலாம் என்பது விடை. தாங்களாகக் கண்டுபிடித்தவர்கள் ஏறத்தாழ பத்தில் ஒருவர். படையைப் பல சிறு பிரிவுகளாகப் பிரித்துக் கோட்டையைப் பல வழிகளில் தாக்கிய தளபதியின் கதையை முன்கூட்டியே படித்திருந்தவர்களில்கூட சுமார் மூன்றில் ஒரு பங்கினர்தான். "அந்தக் கதையை நினைத்துப் பாருங்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னதும் நான்கில் மூன்று பங்கினர் சொல்லிவிட்டார்கள். சில நிமிடம் முன்பு படித்ததே தானாக வந்து உதவவில்லை. வெள்ளிக்கிழமை போட்ட தீக்குச்சிப் புதிர் திங்கட்கிழமை இயற்கணிதத்துக்கு வரும் என்று எதிர்பார்ப்பது அதிகம். ஆனால் இதிலேயே நல்ல செய்தியும் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் என்ன உறவு என்று ஒருவர் கேட்டால் பாலம் கட்டப்படுகிறது. அந்தக் கேள்வியைக் கேட்கும் ஆள் ஆசிரியர்.

முதலில் தடுமாற விட்டுப் பிறகு சொல்லிக்கொடுப்பது நல்லதா என்பதும் இன்னும் முடியாத விவாதம். சிங்கப்பூரில் மனு கபூர் செய்த ஆய்வுகளில், முதலில் தாங்களே முயன்று தோற்ற உயர்நிலை வகுப்பு மாணவர்கள் பின்னால் கருத்தை ஆழமாகப் புரிந்துகொண்டார்கள். மேலே நான் சொன்ன எடுத்துக்காட்டு முறைக்கு இது முரணாகத் தெரியும். என் அனுபவத்தில் இரண்டும் சேரும் இடம் உண்டு: பிள்ளைக்கு முயன்று பார்க்க ஏதாவது கைமுதல் இருக்க வேண்டும், முயற்சி ஒரு பீரியடுக்குள் முடிய வேண்டும், அப்புறம் ஆசிரியர் அவர்கள் போட்ட தவறான வழிகளையே போர்டில் வைத்துச் சரியான வழியோடு ஒப்பிட வேண்டும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் மிஞ்சுவது தோல்விதான். ஐஸ் கணக்கில் இது நடந்ததற்குக் காரணம், ஐஸ் பெட்டி அவர்களுக்குத் தெரிந்த பொருள். ஆரம்ப வகுப்புகளில் இந்தப் பலன் தெரியவில்லை என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த பிந்திய தொகுப்பாய்வுகள் சொல்கின்றன. நம் அரசுப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பில் வகுத்தல் தடுமாறும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களை முதலில் தடுமாற விடுவதற்கு நான் ஒப்பமாட்டேன். ஏற்கனவே போதுமான அளவு தடுமாறிவிட்டார்கள்.

தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் இரண்டு மார்க், ஐந்து மார்க் பகுதிகளில் வரும் கட்டாய வினா பெரும்பாலும் புத்தகத்துக்கு வெளியிலிருந்து வரும். அதை விட்டுவிட்டு மீதியில் வாங்கு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுகிறோம். எல்லை தாண்டினால் புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறியிருக்கின்றன, அங்கே பத்தாம் வகுப்பில் பாதி மதிப்பெண் திறன் சார்ந்த வினாக்களுக்கு. எல்லையில் இருக்கும் முள்ளோடைக்கு இந்தப் பக்கம் படித்தாலும் அந்தப் பக்கம் படித்தாலும் கதை மாறிய கணக்கு இனி எல்லாருக்கும் வரும். விட்டுவிடச் சொல்லும் அறிவுரை அதிக நாள் தாங்காது.

ஆகவே எச்.எம். கொடுக்கும் பீரியடை வேண்டாம் என்று சொல்லாதீர்கள், வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் புதிருக்குப் பதில் அந்த வாரம் நடத்திய பாடத்தையே அதில் வையுங்கள். ஒரு வாரம் துண்டுச் சீட்டு, ஒரு வாரம் அடி அழித்த கணக்கு, ஒரு வாரம் ஐஸ் மாதிரி ஒன்று, ஒரு வாரம் பிள்ளைகளே கணக்கு எழுதுவது. கேள்வியே இல்லாமல் தகவலை மட்டும் கொடுத்து, இதை வைத்து என்ன கேட்கலாம் என்று கேட்டாலும் போதும். விடை தேடும் அவசரம் இல்லாதபோது மெல்லக் கற்கும் பிள்ளைகளும் தகவலை உட்கார்ந்து படிக்கிறார்கள். கணக்குகளுக்கு நீங்கள் எங்கும் அலைய வேண்டாம். நெல்லிக்குப்பம் ஆலைக்குப் போகும் கரும்பு லாரி, நெய்வேலியிலிருந்து வரும் மின்சாரம், மழைக்காலக் கெடிலம் ஆறு எல்லாம் பக்கத்தில்தான் இருக்கின்றன. அறிவியல் இயக்க நண்பர்கள் கடலூரிலும் புதுவையிலும் இருக்கிறார்கள், அவர்கள் நடத்தும் குழந்தைகள் அறிவியல் மாநாட்டு ஆய்வுகளுக்கு உங்கள் பிள்ளைகளை அனுப்புங்கள், துளிர் என்ற சிறுவர் அறிவியல் இதழை வகுப்பில் போட்டு வையுங்கள். அரையாண்டுக்கு முன்னால் அதே எட்டுத் துண்டுச் சீட்டுகளை மறுபடி கொடுத்து, முதல் நாள் எழுதிவைத்த தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வண்டி, தொட்டி என்று இன்னும் பிரிக்கிறார்கள் என்றால் நான் சொன்னதில் உங்கள் வகுப்புக்கு எது ஒத்துவரவில்லை என்று இங்கேயே எழுதுங்கள், சேர்ந்து யோசிக்கலாம்.